லேசர் வேண்டாம் என்ற டொக்டர்

"ஆமிக்காரனுக்கே கண்ணடிக்கிறீங்களா ரீச்சர்?"

சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நஜ்முன் நிஸா சிரித்தாள். பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுத இடது கண்ணை மூடிய நான், அப்படியே நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டேன்.

"சும்மா இரும். ஒரு கண்ணை மூடினாத்தான் எழுத்து அசையாமல் நிக்குது."

போர்நிறுத்தம் வந்து ஒரு வருடமாகியிருந்தது. கிண்ணியாவிலிருந்து வரும் நிஸாவும் நானும் துறைமுகத்துக்கு அருகில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்குக் கணிதம். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் நெற்றி வலிக்கும்; ஒரு வரி இரண்டாகி அடுத்ததன் மேல் ஏறும். சென்ற தவணை புள்ளிகளைப் பிழையாகக் கூட்டிவிட்டேன். இன்னொரு முறை நடந்தால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிவரும் என்றார் அதிபர்.

லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்பினேன். கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வரும் கண் டொக்டர் பாக்கியரத்தினம் சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று நிஸாவையும் கூட்டிக்கொண்டு அவரிடம்தான் போனேன். அவர் ஒரு பத்திரிகையை வாசிக்கத் தந்தார்.

"ஏன் ஒரு கண்ணை மூடுறீங்கள்?"

"மூடினனானோ?"

"ஓம் டொக்டர். ஆமிக்கும் தெரியும்" என்றாள் நிஸா.

அவர் தன் பேனாவை என் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். பாதி வழியிலேயே அது இரண்டானது.

"அல்லாஹ், ஒரு கண் வெளியால போகுது!"

டொக்டர் விளக்கினார். லேசர் கண்ணின் முன்பக்கத்தைச் செதுக்கி, தூரத்தில் இருப்பதைத் தெளிவாக்கும். கிட்ட உள்ளதைப் பார்க்க இரண்டு கண்களும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டும். அது தசைகளின் வேலை. எனக்கு அங்கேதான் குறை. என் கண்ணாடியின் தடித்த ஓரம் வெளிச்சத்தைக் கொஞ்சம் வளைத்து, கண்கள் திரும்ப வேண்டிய அளவைக் குறைத்துக்கொண்டிருந்தது.

"கண்ணாடி போனா அந்தச் சின்ன உதவியும் போயிடும். வலி கூடலாம்."

"அப்ப நான் வகுப்பை விடவேண்டியதுதானோ?"

"இல்லை. இதுக்கு வழி இருக்கு, என்ர மெசினிலதான் இல்லை."

அவர் ஒரு பயிற்சி சொல்லித் தந்தார். கையை நீட்டிப் பேனாமுனையைப் பார்க்க வேண்டும். மெல்ல அருகே கொண்டுவந்து, இரண்டானதும் நிறுத்தி, மறுபடி ஒன்றாக்கப் பார்க்க வேண்டும். ஏலாவிட்டால் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தொடங்க வேண்டும். அதைத் தினமும் செய்தேன்.

"மூக்கில என்ன எழுதுறீங்க?" என்று ஆசிரியர் அறையில் நிஸா கேட்காத நாளில்லை.

முதலில் தலைவலிதான் கூடியது. பிறகு பேனா கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. அடுத்த தவணை விடைத்தாள் கட்டை இரண்டு கண்களும் திறந்தபடியே திருத்தினேன். அதிபர் எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, "வகுப்பு உங்களிட்டயே இருக்கட்டும்" என்றார்.

லேசர் செய்வதே தொழிலான மனிதர் எனக்கு வேண்டாம் என்று சொன்னாரே! அந்த மாதம் அவர் வந்தபோது நிஸா கொண்டுவந்த கிண்ணியாத் தயிர்ச்சட்டி ஒன்றை மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

"தயிர், டொக்டர்" என்றாள் நிஸா. "சட்டி எங்கட உம்மாட. மறக்காமத் திருப்பித் தாங்க."