சுமார் இருநூறு

பத்தாம் வகுப்பு பி பிரிவில் முப்பத்தெட்டு பேர் படித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவின்போது இருநூற்று ஐம்பத்தொரு பேர் ‘உள்ளேன்’ சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் வரலாற்று டீச்சர் ஒன்பதாவது பாடத்தை நடத்தி முடித்திருந்தார். அணைக்கட்டுகளுக்கும் தபால்துறை வளர்ச்சிக்கும் நடுவே நெருக்கியடித்து நின்ற இரண்டரைப் பக்கப் பாடம் அது. ஆற்றுக்கு அக்கரையில் வாழ்ந்த மக்களை இக்கரைக்காரர்கள் ஓர் ஆண்டு முழுக்கத் தேடித் தேடிக் கொன்ற விவரம் அதில் இருந்தது. பாலத்தில் காவல் போட்டு, கடந்து வருகிறவர்களை ‘பள்ளம்’ என்று சொல்லச் சொன்னார்களாம். அக்கரை நாக்குக்கு ளகரம் வராது. ‘பல்லம்’ என்றவர்களை லாரியில் ஏற்றினார்கள். இந்த மாவட்டத்தில் பள்ளிக் குழந்தைகள் மட்டும் சுமார் இருநூறு பேர் கொல்லப்பட்டனர் என்று பாடம் முடிந்தது.

அந்த டீச்சர் வருகை எடுக்கும்போது பெயர் சொல்வதில்லை, எண்தான். செவ்வாய்க்கிழமை காலை முப்பத்தெட்டோடு நிறுத்தாமல், ஏதோ நினைப்பில் முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, மூக்கடைத்த ஒரு சிறுமியின் குரல் ‘உல்லேன்’ என்றது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. ‘கொல்’லென்று என்ற இந்தச் சொல்லை இத்தனை காலம் எப்படி யோசிக்காமல் எழுதி வந்தோம் என்பது வேறு விஷயம். டீச்சர் சிரிக்கவில்லை. நாற்பது என்றார், பதில் வந்தது. எழுபதுக்கு மேல் பிள்ளைகளுக்கும் சிரிப்பு நின்றுபோனது. இருநூற்று ஐம்பத்தொன்று வரைக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் வேறு வேறு குரலில் பதில் வந்தது. இருநூற்று ஐம்பத்திரண்டுக்கு வரவில்லை. டீச்சர் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடினார்.

தலைமையாசிரியர் சட்டம் தெரிந்தவர். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் முதல் மணிக்கு வகுப்பு வாசலில் நின்று கேட்டவர், சான்றிதழ் வந்து சேரும்வரை அவர்களைப் பென்சிலில் குறிக்கலாம் என்று இறங்கி வந்தார். வருகை எடுக்கக் கூடுதலாகப் பதினான்கு நிமிடம் ஆனதால் பள்ளி மணி பதினான்கு நிமிடம் முன்னதாக அடிக்கப்பட்டது. ஊரில் பேருந்துக்காரர்கள்தான் முதல் வாரம் முணுமுணுத்தார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ‘சுமார்’ என்று ஒரு பெண் இருந்தாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று யார் கேட்டாலும் ‘சுமார்’ என்பாள், அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மதிப்பெண்ணும் அப்படித்தான் வரும். அவளுடைய அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். செருப்புத் தேய நடந்து, மகளுக்குச் செவிலியர் பள்ளியில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள். இந்த ஆண்டே பத்தாம் வகுப்பு தேறினால் இடம் உண்டு. ஒரு பாடத்தில் தவறினாலும் அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும். மற்ற பாடங்களில் அவள் கரையேறிவிடுவாள். வரலாறுதான் எப்போதும் நூலிழையில் தொங்கும்.

முதலில் சிரித்தவர்களில் தானும் ஒருத்தி என்பது அவளுக்கு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தது. பாலத்தில் நின்றவர்களும் முதலில் சிரித்தார்களா என்று டீச்சரிடம் கேட்டாள். அது புத்தகத்தில் இல்லை என்றார் டீச்சர். லாரி வந்த நாளைப் புத்தகம் சொல்கிறது. லாரிக்கு முந்தின வருஷங்களில் பள்ளிக்கூடங்களில் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்லவில்லையே என்று அவள் குறிப்பேட்டில் எழுதினாள். எழுதிய பிறகும் வெட்கம் குறையவில்லை. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஒருநாளும் எண்ணிக்கை இருநூற்றுப் பதின்மூன்றிலிருந்து மாறவில்லை. சுமாருக்கே சுமார் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

ஆண்டுத் தேர்வு மாவட்டம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். கோடிட்ட இடத்தை நிரப்புகிற ஒரு மதிப்பெண் கேள்வியாக இந்த எண்ணிக்கை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வரலாற்றுத் தேர்வு அன்று காலை, தலை பின்னிவிட்டுக்கொண்டே அம்மா பேச்சை எடுத்தாள்.

“புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அத எழுதிட்டு வாயேன். உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“இருநூறுன்னு எழுதினா மீதிப் பதிமூணு பேரு எங்கம்மா போவாங்க? தினமும் உள்ளேன்னு சொல்றாங்களே.”

அம்மா பின்னலை இறுக்கிக் கட்டினாள். தேர்வில் மகள் இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினாள். மற்ற முப்பத்தேழு பேரும் புத்தகத்தில் உள்ளதை எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருந்தார்கள். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும், அவளுக்கு முப்பத்துநான்கு வந்தது. டீச்சர் மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். விடைக்குறிப்பில் சுமார் இருநூறு என்றே உள்ளது என்று ஒரே பதில் வந்தது. செவிலியர் பள்ளி இடம் கைவிட்டுப் போனது.

அம்மா இரண்டு நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், ஓராண்டில் குட்டையாகிப்போன பள்ளிச் சீருடையை மடியில் போட்டு, கீழ்மடிப்பைப் பிரித்து நீளம் விட உட்கார்ந்தாள். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“அதுல பொண்ணுங்க எத்தன பேரு?”

“நூத்தி ஒண்ணும்மா.”

அம்மா தலையாட்டிவிட்டு மிச்சத் தையலைப் பிரித்தாள்.

புதிய ஆண்டில் பி பிரிவில் நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஊருக்கு அதற்குள் எல்லாம் பழகியிருந்தது; நாற்பத்தொன்றில் இருந்து இருநூற்று ஐம்பத்துமூன்று வரை பதில் வந்தபோது புதுப் பிள்ளைகள் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். தேர்வில் தவறி அதே வகுப்புக்குத் திரும்பி வருகிறவர்களுக்குப் பதிவேட்டில் கடைசி எண் என்பது அந்தப் பள்ளியின் விதி. டீச்சர் இருநூற்று ஐம்பத்துநான்கு என்றார். அவள் எழுந்து நின்று, உள்ளேன் என்றாள்.