எட்டாவது மூடி

காந்திமதி அத்தை கையைத் தூக்கிப் பிடிக்க, ரஞ்சனி அப்பாவுக்குக் கம்பெனிச் சட்டையை மாட்டினாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், ஆம்புலன்ஸ் படப்பையைத் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

“புதுச் சட்டை இருக்கசொல்லோ இது இன்னாத்துக்குடி?”

“அப்பாவுக்கு இதான் புடிக்கும் அத்தே.”

பொய். இந்தச் சட்டையில்தான் பாக்கெட்டுக்குப் பொத்தான் இருந்தது.

எதிரியின் ரேடார் தன்னைப் பார்த்துவிட்டதைப் போர் விமானிக்குச் சொல்ல ஒரு பெட்டி உண்டு. ஒரகடம் கம்பெனியிலிருந்து விமானத் தளத்துக்குப் போய் அதைச் சோதிப்பது அப்பாவும் கூட வேலை பார்த்த மாரிராஜும். விமானத்தின் வெளியே அந்தப் பெட்டியின் ஆன்டெனாக்களுக்கு எட்டு ரப்பர் மூடிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. சோதனைக்குக் கழற்றினால், முடிந்ததும் எண்ண வேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஒருநாள் எண்ணாமலே எட்டு என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஏழுதான் இருந்தது. அப்பா வீட்டுக்குப் போன் செய்தார்.

“ரஞ்சு, நேத்து போட்ட பேன்ட்ல செவப்பு நாடா வெச்ச மூடி ஒண்ணு கீதா பாரும்மா.”

துவைக்கும்போதே எடுத்து, நாடாவை வெட்டி நோட்டுக்குள் அடையாளம் வைத்திருந்தாள். திட்டுவாரே என்று பயந்து, “இல்லப்பா” என்றாள்.

மூடி உள்ளே எங்காவது விழுந்து சிக்கியிருந்தால் பறக்கும்போது ஆபத்து என்று விமானத்தை இரண்டு நாள் பிரித்துத் தேடினார்கள்; கிடைக்கவில்லை. அதன்பிறகு இருவரையும் விமானத்தின் பக்கம் விடவில்லை. அப்பா கம்பெனி வாசலில் மற்றவர்களின் போனை வாங்கிவைத்து டோக்கன் கொடுத்தார். மேலே விமானச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வெளியே ஓடி, அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

மாரிராஜ் மாலையோடு வந்தார். அதை அப்பாவின் காலடியில் வைத்தார்.

“போன வாரம்தாம்மா பேசுனோம். ‘அந்த மூடி விமானத்துக்கு உள்ளதாம்ல கெடக்கு, எம் பொண்ணு பொய் சொல்லாது’ன்னாரு அண்ணாச்சி. எனக்குமே விமானச் சத்தம் கேட்டா இன்னும் திக்குங்குது.”

ரஞ்சனி குனிந்துகொண்டாள்.

“நேரமாவுது, தூக்கலாமா?” என்று வாசலில் யாரோ கத்தினார்கள். ரஞ்சனி இடுப்பிலிருந்து மூடியையும் நாடாவையும் எடுத்து அப்பாவின் பாக்கெட்டில் செருகினாள். திருப்பிக் கொடுக்கிறாளா, எரித்துவிடப் பார்க்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அவசரத்தில் பொத்தான் ஏறவில்லை. நாடாவின் நுனி வெளியே தொங்கியது.

நிமிர்ந்தாள். எதிரே மாரிராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி அது?” என்றாள் அத்தை.

மாரிராஜ் குனிந்து ஒற்றை விரலால் நுனியை உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டார். “ஒண்ணுமில்லம்மா. அவரு சாமான்தான்.”

அவர் ரஞ்சனியைப் பார்க்கவில்லை.

வண்டி கிளம்பும்போது மேலே ஒரு விமானம் இரைந்து போயிற்று. தெருவே அண்ணாந்து பார்த்தது. வாசற்படியிலிருந்து ரஞ்சனி மாரிராஜைப் பார்த்தாள். அவர் தலை குனிந்தபடியே வண்டியின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.