பதினோரு நாள் கூலி

நெட்டையனுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒன்பதாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். நாள் கூலி எண்ணூற்றைம்பது, அப்படிப் பதினோரு நாள். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. என் போனால் நான் தேடிக்கொண்டது.

சிமெண்டுக் கிடங்கில் நாங்கள் இருவரும் ஜோடி. ஒருவன் தூக்கிவிட, மற்றவன் மூட்டையை முதுகில் வாங்குவான். பதினாறு வருடம். அவன் என்னை "மச்சான்" என்பான், நான் அவனை "மாப்ளே" என்பேன்.

நாற்பத்து மூன்று வயதில்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன். அந்த வருடமே ஒரு நாள், பக்கத்துக் கிடங்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படமும் செய்தியும் வந்தன. "நீலச் சட்டைக்காரன் மூட்டை திருடுகிறான், உஷார்." படத்தில் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எங்கும் தடுக்காமல் கடைசி வரை நான் படித்து முடித்த முதல் செய்தி அது. அந்தப் பெருமையில் அப்படியே எங்கள் குரூப்புக்குத் தட்டிவிட்டேன். பதினாறு வருடமாக நான் மூட்டை ஏற்றும் முதுகு. எழுத்தைப் பார்த்தவன் முதுகைப் பார்க்கவில்லை.

மதியமே மேஸ்திரி நெட்டையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கிழிந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பும் லாரிக்குத்தான் அவன் கொண்டுபோனான் என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. திரும்பி வந்தவன் வேறொருவனோடு ஜோடி சேர்ந்துகொண்டான். நான் செய்தியை அழித்துவிட்டு, பணத்தைக் கவரில் போட்டு நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்கங்க," என்றான்.

மூட்டை காலில் விழுந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. என்னை 'நீங்க' என்றுவிட்டான்.

அடுத்த மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். என் மகளும் அவன் மகனும் ஒரே வகுப்பு. அவன் கடைசி வரிசையில் இருந்தான்.

"வாரம் ஒரு பீரியட் டிஜிட்டல் குடிமைன்னு நடத்தலாம்னு இருக்கோம்," என்றார் டீச்சர். "இணையத்துல எதை நம்பலாம், எதைப் பரப்பக் கூடாது, தப்பாயிட்டா என்ன பண்ணணும், இதெல்லாம்."

"எங்க வீட்ல கணக்குலயே பெயில். இதுக்கு ஒரு பீரியடா?" என்றார் தையல்காரர் ஒருவர்.

"போனைப் பிடுங்கி வெச்சா போதும் டீச்சர்," என்றாள் ஓர் அம்மா, தன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் எழுந்தேன்.

"படிக்கத் தெரிஞ்சா போதும்னுதான் நானும் நெனச்சேன். படிச்சதை என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. ஒரு நல்ல மனுசன் பதினோரு நாள் திருடனா வீட்ல கெடந்தான். பிள்ளைங்களுக்காவது சொல்லிக் குடுங்க."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நாற்காலி நகர்ந்தது. நெட்டையன்.

"டீச்சர், தப்பாயிட்டா அழிச்சா போதுமா?"

"போதாதுங்க. அது போன இடத்துக்கெல்லாம், அது பொய்னு நாமளே சொல்லணும்."

அவன் என்னைப் பார்த்தான். "காசு வேணாம். எழுதுங்க."

நான் அதுவரை ஒரு செய்தியும் எழுதியதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினேன். "நீலச் சட்டைப் படத்தில் இருப்பது என் ஜோடி. அவன் திருடவில்லை. பார்க்காமல் அனுப்பியது நான். இதையும் எல்லோருக்கும் அனுப்புங்கள்."

இரண்டு குரூப்பிலும் போட்டேன். முதலில் மேஸ்திரியின் பதில் வந்தது: "நானும் விசாரிக்காம நிறுத்திட்டேன். மன்னிச்சுக்கப்பா."

அவன் அதை இரண்டு தடவை படித்தான். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த டீச்சர், "வர்ற புதன்கிழமை அந்த வகுப்பு ஆரம்பம்," என்றார்.

கவரை மறுபடி நீட்டினேன். பிடுங்கி என் சட்டைப் பையிலேயே திணித்தான்.

"அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு. டேய் மச்சான், நாலு வரிக்கு முக்கா மணி நேரமா? ஒரு லாரியே இறக்கியிருக்கலாம்டா. காலைல ஆறு மணிக்கு வந்து சேரு."