எட்டுப் பாகத்துக்குக் கீழே

…இல்லை, இது பாறை இல்லை, கயிறு தொய்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, பாறை என்றால் ஈயக்குண்டு ணங்கென்று கைக்குச் சொல்லும், இது எட்டுப் பாகத் தண்ணீருக்கு, எட்டு ஆள் ஆழத்துக்கு, அடியில் சத்தமில்லாமல் படுத்துவிட்டது. பாறை இருந்தால்தான் சிப்பி, சிப்பி இருந்தால்தான் முத்துக்குளிப்பு, இந்த இடமும் பொய்த்தால் கடலளப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு, அளவை அதிகாரி வேதமணி சார் காலையிலேயே சொல்லிவிட்டார், படகு தூத்துக்குடிக்குத் திரும்பும், என் வேலையும் அதோடு சரி... யுத்தம் முடிந்து எங்கே பார்த்தாலும் ஆட்களை நிறுத்துகிறார்கள், இந்த மாடக்கண்ணுவுக்கு மட்டும் யார் வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? வீட்டில் பெண்டாட்டி தங்கத்தாய் மாசமாக இருக்கிறாள். சார் எனக்கு முதுகைக் காட்டி, படகு நிற்கும் இடத்தைக் குறிக்கக் கோணக்கருவியில் கரையின் கோபுரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். குண்டின் அடிக்குழியில் நான் அப்பிய ஆட்டுக் கொழுப்பு, கடல்தரையில் கிடப்பதை ஒட்டிக்கொண்டு வரும், மணலென்றால் மணல், கிளிஞ்சலென்றால் கிளிஞ்சல், ஒன்றும் ஒட்டாமல் நசுங்கி வந்தால் பாறை என்று வரைபடத்தில் குறித்துவிடுவார்... ஒன்றும் ஒட்டாமல். கட்டைவிரலால் ஒரு வழி வழித்தால் போதும், முக்குளிப்பவர்கள் வந்து பொய் என்று சொல்வதற்குள் பிள்ளை பிறந்துவிடும். குண்டு மேலே வந்துவிட்டது.

“ஏலே, என்னலே வந்திருக்கு?” சுக்கான் பிடித்திருந்த இன்பமணி அண்ணாச்சி குரலைத் தணித்தார். “ஒட்டியிருந்தா தொடைச்சிரு. சார் இன்னும் பாக்கல. எனக்கும் பிள்ளகுட்டி இருக்குல்லா.”

விரல் போனது, போய் நின்றது. கன்னங்கரேலென்று களி. ஏனோ மூக்கருகே கொண்டுபோனேன், உப்பைத் தாண்டி ஒரு வாசனை, அட, தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் எங்கள் ஆத்தூர் வயலில் அடிக்குமே, அதே வாசனை, நடுவில் நூல்போல ஒரு வேர். கடலுக்குள் வேரா? கொற்கையில் அந்தக் காலத்தில் கப்பல் நின்றது என்கிறார்கள், இப்போது அங்கே நெல் விளைகிறது, கடல் பின்வாங்கியது உண்டென்றால் முன்னால் வந்ததும் உண்டோ? அப்படியானால் இங்கே வெயில் அடித்திருக்கிறது, இதே இடத்தில், மழை பெய்து, தவளை கத்தி, யாராவது நடந்துகூடப் போயிருப்பார்களோ... உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது, நான் இருப்பது கடலிலா, இந்த வேரின் ஆகாயத்திலா, கொக்கு பறக்கிற உயரத்தில் அல்லவா படகு நிற்கிறது! இதையா வழித்துத் தண்ணீரில் எறிவது?

“என்னப்பா, பாறைதானே?” சார் திரும்பிவிட்டார்.

“களிமண்ணு சார்... வேரு கெடக்கு, இங்கன பாருங்க.”

அவர் முகம் வாடியது, பிறகு அந்த வேரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், வரைபடத்தில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த பாறை என்ற சொல்லைப் பென்சிலால் அடித்தார். அண்ணாச்சி என் பக்கமே பார்க்காமல் படகைக் கரைக்குத் திருப்பினார்... வீட்டு நடையேறியதும் தங்கத்தாயிடம் எதை முதலில் சொல்லப்போகிறேன், வேலை போனதையா, வேரையா? வேரைத்தான் என்று தெரிந்தபோது எனக்கே என்னை நினைத்துப் பயமாக இருந்தது.