புதிர்ச் சோற்றில் ஒரு பருக்கை

பழுகாமத்துப் பெரிய வயற்காரர் கதிர்காமத்தம்பிப் போடியாரைச் சோறில்லாமல் இருக்கச் சொல்வதும் வாவியைப் பார்த்துத் தண்ணீரில்லாமல் இரு என்று சொல்வதும் ஒன்றுதான். மனிதர் அப்படி. காலையில் தயிர் விட்டுப் பிசைந்த பழஞ்சோறு, மத்தியானம் ஒரு குவியல், அந்திப்பட்டால் இன்னொரு குவியல். கலியாண வீட்டில் "இன்னும் போடட்டா?" என்று கேட்கிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. கேட்டுப் போடுவது ஒரு பரிமாறலா? மனம் இருந்தால் கேட்காமலே போட வேண்டும் என்பார். நெல் விளைக்கிறவன் சோறு தின்னாமல் வேறு யார் தின்பது என்பது அவருடைய நியாயம்.

அந்தப் போடியாருக்கு வந்தது பாருங்கள் ஒரு சோதனை.

விதைப்புக் காலம். முதல் நாள் பின்னேரம் பாலத்தடி ஆமி முகாமிலிருந்து அடித்த செல் குண்டுகளில் ஒன்று வயல் வட்டைக்குள் விழுந்து வெடித்திருந்தது. மறுநாள் வெள்ளாப்பிலேயே போடியார் வயலில் இறங்கிவிட்டார். செல் விழுந்தது என்பதற்காக மழை காத்துக்கொண்டு நிற்குமா? சேற்றுக்குள் கிடந்த இரும்புத் துண்டு வலது உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. மஞ்சளை அரைத்து வைத்துக் கட்டியதோடு அவர் அதை மறந்தும் போனார். நெல் முளைத்தது, புண் ஆறவில்லை. பயிர் முழங்கால் உயரம் வந்தது, புண் இன்னும் அகன்றது. அவர் ஒன்றுக்குப் போன வேலியோரத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்ட அன்றுதான் இது வெறும் புண் இல்லை என்று இராசாத்திக்குப் பிடிபட்டது.

இராசாத்தி போடியாரின் பெண்சாதி. வீடு அவளுடைய சீதன வீடு, அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் வந்து குடியேறியவர். வட்டையில் அவர் சொல் நடக்கும், வீட்டு வளவுக்குள் இவள் சொல்தான். புருசனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அருளப்பருக்கு ஆள் அனுப்பினாள்.

அருளப்பர் பட்டினத்து ஆசுபத்திரியில் உதவி வைத்தியராக, அப்போதிக்கரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குள் அகப்பட்டு வாவிக்கு மேற்கே வந்தவர், வைத்தியர் இல்லாத ஊர்களைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். பழைய சைக்கிள், தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், நீல மருந்துத் தண்ணீர் ஒரு போத்தல், சின்ன விளக்கு ஒன்று. அந்த விளக்குக்கு ஊற்றும் ஸ்பிரித்தைப் பாலத்தடிச் சென்றியில் சோதிக்கிற ஆமிக்காரர் விடமாட்டார்கள். அதனால் போகிற வீடெல்லாம் அவர் முதலில் கேட்பது கசிப்பு, கள்ளச் சாராயம்.

"விளக்குக்குத்தான் புள்ள. எனக்கில்ல" என்றார் இராசாத்தியிடம்.

வேலிக்கு அங்கால் இருக்கும் அவளுடைய தம்பி சாமித்தம்பி போத்தலோடு வந்தான். அவன் வாவியில் வலை வீசுகிறவன், கசிப்பு எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அருளப்பர் குழாயில் நீல மருந்தை ஊற்றி, போடியாரின் சிறுநீரில் சில துளி விட்டு, சுடரில் பிடித்தார். எல்லாரும் சுற்றிவரக் குனிந்து பார்த்தார்கள். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கலங்கிச் செங்கல் நிறமாகிக் குழாயின் அடியில் படிந்தது.

"என்ர கண்ணகை அம்மா!" என்று போடியார் வாயில் கையை வைத்தார். தன் உடம்புக்குள்ளிருந்து இப்படி ஒரு செங்கல் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

"சீனி" என்றார் அருளப்பர். "உடம்பெல்லாம் சீனி ஓடினா புண் எப்படி ஆறும்? இப்படியே விட்டா கறுக்கும். கறுத்தா முழங்காலோட எடுக்கவேணும், போடியார். அதுக்கும் பாலம் தாண்டிப் பட்டினத்துக்குப் போகவேணும்."

காலில் காயத்தோடு போகிற ஆம்பிளையைச் சென்றியில் என்ன கேட்பார்கள் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். வயலில் செல் துண்டு கிழித்தது என்று சொன்னால் யார் நம்புவான்? இயக்கக்காரன் என்றுதான் பிடிப்பார்கள். போன சிலர் கிறுகி வரவேயில்லை.

"ஊசி மருந்து?" என்று இராசாத்தி மெல்லக் கேட்டாள்.

"இரிக்கி. பாலத்துக்கு அங்கால இரிக்கி. ஐஸ் பெட்டியில கொண்டு வரவேணும். சென்றி வெயில்ல அதைத் திறந்து வச்சு விசாரிச்சு முடியக்குள்ள மருந்து சுடுதண்ணியாப் போயிரும்." அருளப்பர் குழாயைக் கழுவிப் பைக்குள் வைத்தார். "இஞ்ச இரிக்கிற ஒரே மருந்து இவர்ர வாய்தான். சோத்தை நிப்பாட்டுங்க."

போடியார் ஒரு கிழமை சோற்றைத் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை! வீரம் பேசித் திரிந்தார். அடுத்த கிழமை அருளப்பர் வந்து குழாயைச் சுடரில் பிடித்தால், முன்னையை விட வேகமாகச் சிவந்தது.

"என்ன தின்ட நீங்க?"

"ஒண்டும் தின்னல்ல ஐயா. வெறும் பிட்டு. இடியப்பம். பின்னேரத்தில ரெண்டு மூணு அப்பம்."

"பிட்டு எதில அவிச்ச?"

"மாவில."

"மா எதில இடிச்ச?"

"அரிசியில" என்று சொல்லும்போதுதான் போடியாருக்கு உறைத்தது. பிட்டும் இடியப்பமும் பசிக்கு வாயில் போடுகிற பண்டம், சோறு தின்றால்தான் தின்ற கணக்கு என்றிருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர் அவர். சோறு வேறு பிட்டு வேறு என்று ஊரே நினைக்கும்போது அவர் மட்டும் எப்படி மாற்றி நினைப்பார்?

"அரிசி என்ன வேசம் போட்டு வந்தாலும் அரிசிதான் போடியார்!" அருளப்பர் சத்தம் போட்டார். "மரவள்ளியும் அதுதான். வாழைப்பழமும் சக்கரையும் அதுதான். வெள்ளாமை வெட்டுற நாள் வாறன். அண்டைக்கும் இது சிவந்தா, கட்டிலோட தூக்கிப் பாலத்துக்குக் கொண்டு போறத விட வேற வழியில்ல."

அன்று மத்தியானம் இராசாத்தி தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். ஓரத்தில் மணலை மீன் பொரியல், இந்தப் பக்கம் இறால் பாற்கறி, அந்தப் பக்கம் முருங்கையிலைச் சுண்டல். நடுவில் ஒன்றுமில்லை. தட்டின் அடி பளபளவென்று தெரிந்தது.

"கறி இரிக்கி. சோறு எங்க புள்ள?"

"காலா, சோறா? ஒண்டச் சொல்லுங்க. அதத் தாறன்."

போடியார் தலையைக் குனிந்து மீனைப் பிய்த்தார்.

முதல் நாட்கள் பெரும்பாடு. தலை சுற்றியது, வாசலில் போன கோழிக்கும் ஏச்சு விழுந்தது. வயிறு நிறைந்தும் சாப்பிட்டதாகவே இல்லை. இராசாத்தி அசைந்து கொடுக்கவில்லை. காலையில் இரண்டு நாட்டுக்கோழி முட்டையும் வல்லாரைச் சம்பலும், மத்தியானம் வாவி என்ன தந்ததோ அது, பின்னேரம் ஒரு கைப்பிடி கச்சான் கடலை, அந்திப்பட்டு எருமைத் தயிர், சீனி தொடாமல். குறிஞ்சா இலையை அவள் வறுத்துத் தந்தபோது அந்தக் கசப்புக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து மகள் புஸ்பம் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

அந்த மீன் சும்மா வரவில்லை. வாவியில் தோணி இறங்கினால் அக்கரையிலிருந்து சுடுவார்கள். சூடு ஓய்ந்த நேரம் பார்த்துச் சாமித்தம்பி கண்டல் மர நிழலோடு நிழலாக வலை வீசி, நண்டும் ஒட்டி மீனும் விராலும் கொண்டு வருவான். "மச்சான்ர காலுக்கு" என்று சொல்லிவிட்டு வேலிக்கு மேலால் நீட்டுவான். ஒருநாள் அவன் தோணியில் குண்டு பட்ட ஓட்டையைப் போடியார் கண்டார். அன்றைய நண்டை அவர் ஓடு கடித்து, கால் உறிஞ்சி, துளி விடாமல் தின்றார். இத்தனை வருசம் இந்த நண்டைச் சோற்றுக்குள் புதைத்து அல்லவா விழுங்கியிருக்கிறோம்! இதற்கென்று தனியாக இப்படி ஒரு ருசி இருந்ததா? அவருக்கு அதிசயமாக இருந்தது. ஒரு வாவி முழுக்க முற்றத்து முன்னால் கிடந்திருக்கிறது, தான் அதைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்திருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் சோறு வேகிற வாசம் நின்றுவிட்டது. எல்லாரும் தனக்காகச் சோற்றை விட்டுவிட்டார்கள் என்று போடியார் முதலில் உருகிப் போனார். பிறகு ஒருநாள் புஸ்பம் மாமன் வீட்டிலிருந்து வேலிக் கடவையால் வரும்போது அவள் வாய்க்குக் கீழே நாடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அடுப்பு இடம் மாறிவிட்டது! வாசம் தனக்குப் படக் கூடாதென்று, குடும்பமே வேலி தாண்டிப் போய்த் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வருகிறது. போடியாருக்குச் சிரிப்பு வந்தது, பின்னால் கண்ணும் கலங்கியது. கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பயிர் கதிருக்குக் குடலை தள்ளிய காலம். ஒரு காலையில் முகம் வழிக்கிற கண்ணாடியை உள்ளங்காலுக்கு நேரே பிடித்துப் பார்த்தவர், "புள்ள! ஓடி வா!" என்று கத்தினார். இராசாத்தி பதறிக்கொண்டு வந்தாள். புண்ணின் ஓரம் சுற்றிவர இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து போடவில்லை. ஊசி குத்தவில்லை. தின்பதை மாற்றியதற்கு உடம்பு தன்னைத் தானே தைக்கிறது!

"இது ஆர் செய்யிற வேலை புள்ள?" என்று அவர் கேட்டார். இராசாத்தி கால் இருந்த திசைக்கே ஒரு கும்பிடு போட்டாள்.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் பார்த்தார். வட்டையில் கதிர் பால் பிடித்தது, இங்கே புண் ஒரு சுற்றுச் சுருங்கியது. கதிர் முற்றித் தலை சாய்ந்தது, புண் நகத்தளவுக்கு வந்தது. கைத்தடியாக ஒரு பொல்லை ஊன்றி வரம்பில் நின்று மஞ்சளாய் விளைந்து கிடக்கிற நெல்லைப் பார்க்கும்போது அவருக்கு வாய் ஊறும். தான் தின்ன முடியாத வருசம் பார்த்து இப்படி விளைந்திருக்கிறதே என்று கோபமும் வரும்.

முதல் வெட்டு வெட்டியதும் புதிர் எடுக்க வேண்டும். புதுநெல்லைக் குற்றி, சோறாக்கி, அம்மனுக்குப் படைத்து, வெள்ளாமை செய்தவர் முதலில் வாயில் வைக்க வேண்டும். அவர் வைக்காமல் வீட்டில் ஒருவரும் புதுச்சோறு தொடக் கூடாது. அருளப்பர் வருவதாகச் சொன்ன நாளும் அதுதான்.

வாழையிலையில் ஆவி பறக்கப் புதுச்சோறு வந்தது. அந்த வாசம்! வீடு முழுக்கப் பால் வாசம். போடியாருக்கு முழங்கை வரை புல்லரித்தது. மகள் இருந்தாள், சாமித்தம்பி குடும்பத்தோடு இருந்தான், எல்லார் இலையிலும் சோறு. ஒரு கை அசையவில்லை. எல்லாக் கண்ணும் அவருடைய கையில்.

"ஒரு பிடி தின்னுங்க மச்சான்" என்றான் சாமித்தம்பி. "சாமிக்குப் படைச்சது. ஒரு பிடியில என்ன வரப்போகுது?"

பிட்டில் என்ன வரும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தார். போடியார் இராசாத்தியைப் பார்த்தார். இவ்வளவு நாளும் தட்டுக்குக் காவல் நின்றவள் இன்றைக்கு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவருடைய காலையே பார்த்தாள். இன்றைக்குக் குழாய் சிவந்தால் அந்தக் கால் பாலத்துக்குப் போகும், காலோடு அவரும் போவார்.

போடியார் கையை இலையில் வைத்தார். ஒரே ஒரு பருக்கையை எடுத்தார். அம்மனை நினைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லக் கடித்தார். பால் தெரிந்தது. மென்றார், மென்றார், அந்தப் பாலுக்குள்ளிருந்து இனிப்பு ஒன்று வந்து நாக்கெல்லாம் பரவியது. மழை, சேறு, செல் விழுந்த பள்ளம், அத்தனையையும் தாண்டி வந்த இனிப்பு. ஐம்பது வருசமாக அவர் சோற்றை விழுங்கித்தான் இருக்கிறார், தின்றதில்லை. ஒரு பருக்கைக்குள் இவ்வளவு இருந்ததா? மூடிய கண்ணால் நீர் வடிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"நான் தின்னுட்டன்" என்றார். "இனி நீங்க தின்னுங்க."

எல்லாரும் தின்னத் தொடங்கியபோது சைக்கிள் மணி கேட்டது. மணி ஓய முதல் போடியார் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஐயா, ஒரு பருக்கை தின்னுட்டன். இப்பதான். ஒண்டே ஒண்டு!"

அருளப்பர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளக்கைக் கொளுத்தினார். நீல மருந்து. சில துளி. குழாய் சுடரில். சாமித்தம்பி எச்சில் கையோடு வந்து குனிந்தான். எல்லாரும் பச்சைக்காகக் காத்திருந்தார்கள்.

பச்சை வரவில்லை.

"கசிப்புச் சரியில்ல போல. சூடு காணாது" என்றான் சாமித்தம்பி.

அருளப்பர் குழாயை இன்னும் தாழ்த்தினார். தண்ணீர் குமுறிக் கொதித்தது, ஆவி வந்தது. நீலம் நீலமாகவே நின்றது. மத்தியான வாவி போல அப்படியே நின்றது. அருளப்பர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒண்டும் நடக்கல்லையே ஐயா?" என்றார் போடியார்.

"அதுதான் போடியார் நடந்தது!" கிழவர் குழாயைப் போடியாரின் கண்ணுக்கு நேரே நீட்டினார். "கால் உங்கட. ஆரும் எடுக்கமாட்டாங்க. ஆனா சோறு இனியும் பருக்கைக் கணக்குத்தான்."

இராசாத்தி நிலையோடு சரிந்து தரையில் குந்தி வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் போடியார் கவனித்தார். எல்லாரும் தின்று முடிக்கிற நேரமாகிறது, அவளுக்கு முன்னால் இலையே இல்லை.

போடியார் எழும்பினார். பொல்லைத் தேடவில்லை. இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, இத்தனை வருசத்தில் ஒருநாளும் போகாத அடுக்களைக்குள் போனார். ஓர் இலையைக் கொண்டு வந்து அவள் முன்னால் விரித்தார், பானையைத் தூக்கி வந்தார், அகப்பையால் அள்ளிப் போட்டார். இன்னொரு அகப்பை போட்டார்.

"காணும், இஞ்சருங்க, காணும்" என்று அவள் அழுகையோடு இலையைக் கையால் மறித்தாள்.

அவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, கேட்காமலே இன்னும் போட்டார்.