ஆடு மிதித்த குளம்

மடத்தின் பண்டகசாலைத் துறவி செர்லோ வீட்டு அகழியின் பாலத்தில் வந்து நின்றபோது, ஹவீஸின் கணவன் ஆட்வின் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

"மதகை மூடி வச்சிருக்கியாம்மா? உன் அகழி ததும்புது. எங்க புதுக்குளத்துல தவளைக்குக்கூடத் தண்ணி இல்ல. இறைச்சி தொடாத எங்களுக்குத் தவக்காலத்துல மீன் வேணாமா?"

"திறந்துதான் கிடக்கு சாமி. எட்டிப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "ஆம்பளை இல்லாத வீட்டுல மதகு இருக்கறது சரிப்படாது. அடுத்த மாசம் மார்ட்டின் திருநாளுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு. எங்க ஆளுங்க பாத்துப்பாங்க."

நிலம் மடத்துடையது. ஓடைநீர் அகழிக்குள் வந்து வீட்டைச் சுற்றி, மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி மடத்துக்குப் போகும். அகழியை ஆட்வினும் அவளும் சேர்ந்தே வெட்டினார்கள். மடத்து ஏட்டில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது.

ஹவீஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வாங்க சாமி, தண்ணிகூடவே நடப்போம்."

வாய்க்கால் நெடுக நீர் குறையவேயில்லை. குளத்தில் விழுந்த பிறகுதான் காணாமல் போனது. கரைக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஹவீஸ் குளத்துக்குள் இறங்கிக் களிமண்ணைத் தடவினாள். சின்னச் சின்னக் குளம்புத் தடங்கள், அச்சுக் குத்திய ரொட்டி போல அப்படியே இருந்தன.

"இதை எதை விட்டு மிதிக்க வச்சீங்க?"

கரையில் நின்ற மடத்து மேய்ப்பர் வைமண்ட் பெருமையாகச் சொன்னார்: "ஆடும்மா. நானூறு ஆடு! மடத்துல வேறென்ன இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணே. ஆடு நடந்தா மண்ணுக்குக் கிச்சுகிச்சுதான் மூட்டும். தண்ணி கசியாம களிமண்ணு இறுகணும்னா மாடு மிதிக்கணும். என்கிட்ட நாலு எருது இருக்கு."

வைமண்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செர்லோவின் காது சிவந்தது.

"அதுக்கு என்ன கேக்கற?"

"வீடு என் பேர்ல, என் ஆயுசுக்கும். இப்பவே எழுத வேணாம். தண்ணி நிக்கட்டும். நிக்கலேன்னா நானே கிளம்பிடறேன்."

செர்லோ சரியென்றார். மறுநாள் எருதுகள் குளத்தில் இறங்காமல் கரையிலேயே நின்றுவிட்டன. அவற்றை அழைத்துப் பழகிய குரல் ஆட்வினுடையது. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அசையவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே முதலில் சேற்றில் இறங்கி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் கனத்த மூச்சு கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தண்ணீர் தெளிப்பதும் மிதிப்பதுமாக ஒன்பது நாள். பத்தாம் நாள் நீரை விட்டார்கள். செர்லோ நட்டு வைத்த குச்சியில் நீர்மட்டம் ஒரு வாரம் இறங்கவில்லை. அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலமும் காய்ந்துவிட்டது.

மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய நாள் மடத்து வாசலில், வீட்டை ஒப்படைக்கும் வழக்கப்படி மடாதிபதி ஒரு கோலை நீட்டி அதன் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஹவீஸ் பிடித்தாள். நகக்கண்ணில் இன்னும் களிமண் இருந்தது. ஏட்டை விரித்து வைத்திருந்த இளந்துறவி இறகுப் பேனாவை மையில் தோய்த்தார்.

"ஆட்வினோட விதவைன்னு போட்டுக்கட்டுமா?"

"அதையும் போடுங்க சாமி. ஆனா ஹவீஸ்னு முதல்ல எழுதுங்க."

இளந்துறவி செர்லோவைப் பார்த்தார்.

"எழுதுப்பா," என்றார் செர்லோ.