வெள்ளைத் தண்ணீர்

விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்கு மண் எடுத்த குழிகள் மூன்று மிக்கேலின் நிலத்தில் கிடந்தன. ஐப்பசி மழையில் அவை நிரம்பியதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சின்னக் குழி இரண்டையும் தன் மருமகள்களுக்கு ஆளுக்கொன்றாக மீன் வளர்க்கக் கொடுத்தார். "ஈஸ்டருக்கு முன்னாடி வலை போடுவோம். யாரு மீனு பெருசோ, பெரிய குழி அவங்களுக்கு," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவில் பந்தயம் வைக்கிறவரை அப்படி மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

மூத்தவள் உபகாரமேரி. பேரில்தான் உபகாரம். இளையவள் ஆன் மேரி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவளுக்கு வயிற்றெரிச்சல். ஆன் மேரி பேசினால் மாமனார் சிரிக்கிறார். ஆன் மேரி வைத்த குழம்பை உபகாரமேரியின் புருஷன் வளன் இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிறான். கட்டினவனே அடுத்தவள் குழம்புக்குச் சப்புக்கொட்டினால் எவளுக்குத்தான் எரியாது?

பெரிய குழி தனக்குத்தான் வர வேண்டும் என்று உபகாரமேரி தவிடும் கடலைப் புண்ணாக்குமாகக் கொட்டினாள். ஆன் மேரி துணிக்கடை வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு கை தவிட்டை வீசிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பொங்கல் கழிந்து தூண்டில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு குளத்து மீனும் ஒரே அளவு, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே. கொட்டிக் கொட்டி வளர்க்கிற எனக்கும் இதுதான், சீவிச் சிங்காரித்துப் போகிறவளுக்கும் இதுதானா? உபகாரமேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பீங்கான் கம்பெனியில் மண் பொறுக்கியவள். வெள்ளை மண்ணில் ஒரு பச்சைப் புள்ளி, கறுப்புப் புள்ளி தெரிந்தாலும் எடுத்துக் கழிவில் எறிய வேண்டும். வேலை போன பிறகும் அந்தக் கண் போகவில்லை. இரண்டு குளத்துத் தண்ணீரும் மண் கரைந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் நல்லது, அதைக் கெடுத்தால் மீன் கெடும் என்று அவள் முடிவுகட்டினாள். கெடுப்பதற்கு அவள் கொட்டகையில் இரண்டு மாடு இருந்தன.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. தெருவே கோயிலில் இருக்கும்போது, ஒரு கூடைச் சாணியைக் கரைத்து ஆன் மேரியின் குளத்தில் ஊற்றினாள். பிறகு ஞாயிறு தவறாமல் தலைவலி வந்தது. "டாக்டரப் பாருங்கக்கா," என்று ஆன் மேரி தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். அதைத் தேய்த்தபோது நெற்றியைவிட வயிறுதான் எரிந்தது.

மாசி பிறந்தபோது ஆன் மேரியின் தண்ணீர் பச்சை பிடித்திருந்தது. 'கெட்டுதுடி ஒம் பொழப்பு' என்று உபகாரமேரி உள்ளுக்குள் குதித்தாள். அவள் குளம் இன்னும் அதே வெள்ளை.

பாவம், மீன் கடைசியில் தின்பது வெயிலைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. வெயிலைப் பாசி தின்ன வேண்டும், பாசியைப் பொடிப் பூச்சி தின்ன வேண்டும், பூச்சியை மீன் தின்ன வேண்டும். ஒவ்வொரு வாயிலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும், மிச்சம் நீந்தியும் மூச்சுவிட்டும் தீர்ந்துபோகும். அதனால் அடியில் பாசி ஏராளமாக வேண்டும். வெள்ளை மண் கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காது, பாசியும் பிடிக்காது. கொட்டுகிற தவிடும் புண்ணாக்கும் மீன் கண்ணில் படாமல் சேற்றில் புதைந்துபோகும். சாணி விழுந்தால் மண்ணும் படியும், பாசிக்கு உரமும் கிடைக்கும். இந்தப் பத்தில் ஒன்று கணக்கு பொறாமைக்கு மட்டும் கிடையாது, போட்டதெல்லாம் உடம்பில் ஒட்டும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் வலை போட்டார்கள். உபகாரமேரியின் குளத்தில் உள்ளங்கை அளவு மீன்கள் வந்தன. ஆன் மேரியின் வலையை வளனும் அவன் தம்பி, ஆன் மேரியின் புருஷன் சார்லஸும் சேர்ந்து திணறித்தான் இழுத்தார்கள். கட்லா ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளமாகத் துள்ளியது. அதைக் கண்டதும்தான் உபகாரமேரிக்குச் சங்கதி விளங்கியது.

"பெரிய குழி சின்னவளுக்குத்தான்," என்றார் மிக்கேல். "ஒரு கை தவிட்டுல எப்படிம்மா இப்படி வளர்த்த?"

"தெரியலிங்க மாமா. தண்ணி தானா பச்சையாச்சு. எங் கைராசி போலருக்குது," என்று ஆன் மேரி வெட்கத்தோடு சிரித்தாள்.

"ராசியான கைதாம்மா," என்றான் வளன்.

குழி போனதைக்கூட உபகாரமேரி தாங்கியிருப்பாள். அந்தக் கைராசியைத்தான் தாங்க முடியவில்லை.

"ராசியாம் ராசி! எம் மாட்டுச் சாணிடி அது! வாராவாரம் நான் சொமந்தாந்து ஊத்துனது! அதுலதான் ஒம் மீனு பெருத்துது!"

ஆன் மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து உபகாரமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காவா அக்கா? ஒடம்பு முடியாதப்பவா செஞ்சீங்க? உங்க கொளத்துக்கு ஒரு கூடையாச்சும் போட்டுக்கலியே, ஏங்க்கா?"

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பதிலுக்காக மாமனாரும் சார்லஸும் உபகாரமேரியின் முகத்தைப் பார்த்தார்கள். வளன் மட்டும் பார்க்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வலையைச் சுருட்டத் தொடங்கினான்.